சிவப்புக் கொடி கடைசியில் வரும்

"இன்னும் ஒரு மிதி மிதிச்சேன்னா முழங்கால் ரெண்டும் கழண்டு கையில வந்துடும் சார். நீங்க துப்பறிங்க, நான் இப்படியே படுத்துக்கறேன்."

சொன்னதோடு நிற்காமல் பட்டாசு நிஜமாகவே படுத்துவிட்டாள். சைக்கிள் புதரில், ஹெல்மெட் வயிற்றின் மேல், அவள் ஈர மண்ணில். நாற்பது வயதுப் பெண்மணி செய்கிற காரியமா என்று கேட்டால், கோட்டை வடக்கு வாசலில் இருந்து பதினாறு கிலோமீட்டர் மலை சைக்கிள் மிதித்துவிட்டு வந்து கேளுங்கள் என்பாள். சும்மா இருக்கிற வாயே இல்லை அது. அதனால்தான் பெற்றவர்கள் வைத்த பெயர் போய் 'பட்டாசு' நிலைத்துவிட்டது.

"வழிப்புத்தகத்துல இந்த மேட்டுக்கு 'கண்கொள்ளாக் காட்சி'ன்னு எழுதியிருக்கான் சார். மூச்சு இருந்தாத்தானே காட்சி!"

பட்டாசு உதவியாளராக வேலை பார்ப்பது சல்லடையிடம். இருபது வருஷம் இன்சூரன்ஸ் கம்பெனியில் விபத்துகளைச் சலித்தெடுத்த மனிதர் அவர். வேலையை விட்டுத் தனியாகத் துப்பறியும் ஆபீஸ் போட்ட பிறகும் அந்தப் பட்டப்பெயர் விடவில்லை. இப்போது பாதை இரண்டாகப் பிரியும் இடத்தில் நின்று இடது பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்.

வலது பாதை ஊருக்குள் இறங்குகிறது. இடது பாதை நூறு அடி போய்க் கைவிடப்பட்ட கல்குவாரியின் விளிம்பில் முடிகிறது. பதினொரு நாளைக்கு முன்னால், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், சைக்கிள் குழுவோடு வந்த மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் ஒருவர் அந்த விளிம்பில் இருந்து சைக்கிளோடு விழுந்து செத்துப்போனார். வழி தவறி வந்துவிட்டார், விபத்து என்று எழுதிப் போலீஸ் கோப்பை மூடிவிட்டது. மூடாதவள் ஒருத்திதான். அவர் மனைவி, பள்ளிக்கூட டீச்சர்.

"மறுபடியும் அந்தக் குழுவோட விதியைச் சொல்லு," என்றார் சல்லடை.

பட்டாசு படுத்தபடியே ஒப்பித்தாள். "பதினாலு பேர். முன்னாடி வழிகாட்டி. ஒவ்வொரு திருப்பத்துலயும் தனக்குப் பின்னாடி வர்றவரை நிறுத்தி, கையில திருப்ப நம்பர் போட்ட ஒரு தகர வில்லையைக் கொடுத்துட்டுப் போவான். நின்னவங்க பின்னாடி வர்றவங்களுக்கெல்லாம் கையைக் காட்டணும், 'இப்படிப் போ, இப்படிப் போ'ன்னு. கடைசியா ஒருத்தர் சீட்டுக்குப் பின்னாடி சிவப்புக் கொடி கட்டிக்கிட்டு வருவாரு. அவருதான் வால். வால் வந்ததும் வில்லையை அவர்கிட்ட கொடுத்துட்டுத்தான் அந்த இடத்தை விட்டு நகரணும். இது பள்ளிக்கூடப் பிள்ளைங்க ரயில் விளையாட்டு மாதிரிதான் சார், புகை மட்டும் நம்ம வாயில வருது."

"திருப்பம் எத்தனை?"

"மூணு. ரெண்டாவதுல நின்னது டீச்சர். நின்னு முடிச்சதும் தலைவலின்னு ரோட்டு வழியா வீட்டுக்குப் போயிட்டதா நம்மகிட்ட சொன்னாங்க. மூணாவது இதோ, நான் படுத்திருக்கேனே, இந்த இடம். இங்க நின்னது டீச்சரோட தங்கச்சி."

விஷயமே இங்கேதான். ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கும் அந்தத் தங்கை போலீசில் வாயால் ஒத்துக்கொண்டிருந்தாள்: 'கூடத்துல இருந்து போன் வந்துச்சு. பேசிக்கிட்டே நடந்து போயிட்டேன். அந்த நேரத்துல அத்தான் வந்திருக்காரு. ஆள் இல்லாததால தப்பான பக்கம் போயிட்டாரு.' வாலாக வந்த சைக்கிள் மெக்கானிக்கும் அதையே சொன்னான். தான் வந்தபோது மூன்றாவது திருப்பத்தில் ஈ காக்கை இல்லை என்றான்.

அக்காவுக்கும் தங்கைக்கும் பெற்றவர்கள் இல்லை. ஒருத்திக்கு ஒருத்திதான். அப்படிப்பட்ட தங்கையைச் சாவு வீட்டு வாசலில் வைத்தே 'உள்ளே வராதே' என்று விரட்டியிருந்தாள் டீச்சர். சல்லடையிடம் வந்தபோது கண்ணில் பொட்டுத் தண்ணீர் இல்லை. 'அவ அசட்டையா போனாளா, வேணும்னே போனாளான்னு மட்டும் சொல்லுங்க. அதை வெச்சுத்தான் எனக்குத் தங்கச்சி இருக்காளா இல்லையான்னு முடிவு பண்ணணும்.'

"உன் போனை எடு. ஆபீசைக் கூப்பிடு," என்றார் சல்லடை.

பட்டாசு போனை எடுத்தாள். உயர்த்தினாள். எழுந்து நின்று உயர்த்தினாள். பாறை மேல் ஏறினாள். சிக்னல் ஒரு கோடு கூட வரவில்லை. சல்லடை தன் போனை எடுத்தார், வேறு கம்பெனி. அதுவும் அம்போ. இருவரும் முன்னும் பின்னுமாக முந்நூறு அடி நடந்து பார்த்தார்கள். இங்கே போன் என்பது மணி பார்க்கத்தான் உதவும்.

"சார், அப்போ அந்தப் பொண்ணுக்குப் போனே வரலை!"

"வரலை."

"பொய் சொல்லித் தப்பிச்சவங்களைப் பார்த்திருக்கேன். பொய் சொல்லி மாட்டிக்கிட்டவளை இப்பத்தான் பார்க்கறேன். எதுக்கு சார்?"

"வா, இன்னொரு பொய் எப்படி இருக்குன்னு பார்ப்போம்," என்று சைக்கிளில் ஏறினார் சல்லடை.

கோட்டை மதிலை ஒட்டிய கல் பாவிய சந்தில் இருந்தது மெக்கானிக்கின் கடை. ஒரு ஆள் கையை நீட்டினால் இரண்டு சுவரையும் தொடலாம். கூரையில் இருந்து டயர்கள் தொங்கின. கிரீஸ் வாடை தலைக்கு ஏறியது. மெக்கானிக் ஐம்பதைத் தாண்டியவன். இவர்களைப் பார்த்ததும் கையில் இருந்த செயினை மூன்றாவது தடவையாகத் துடைக்க ஆரம்பித்தான்.

"எல்லாத்தையும் போலீஸ்ல சொல்லிட்டேனே சார்."

"எங்ககிட்ட இன்னும் சொல்லலையே," என்றாள் பட்டாசு. "நாங்க என்ன பாவம் பண்ணினோம்?"

சல்லடை சுவரைப் பார்த்தார். மூன்று ஆணிகள், 1, 2, 3 என்று மேலே பெயிண்டில் எழுதியிருந்தது. மூன்றும் காலி. பக்கத்தில் நீளக் குச்சியோடு சிவப்புக் கொடி.

"வில்லைங்க எங்கே?"

"வழிகாட்டிகிட்ட இருக்கும் சார்."

"அவர்கிட்ட காலையில போன் பண்ணிக் கேட்டேன். வால்கிட்ட இருக்கும்னாரு."

மெக்கானிக் திருதிருவென்று விழித்தான். சல்லடை கொடியைக் கழற்றிக் கையில் எடுத்தார். குச்சி நடுவில் முறிந்து, கறுப்பு டேப் சுற்றி ஒட்டப்பட்டிருந்தது. துணியைத் துவைத்திருந்தார்கள். ஆனால் குச்சியைச் செருகும் மடிப்புக்குள் விரலை விட்டபோது வெள்ளையாகப் பொடி வந்தது. குவாரியின் கல் தூள்.

"கொடி எதுக்குக் குவாரிக்குள்ள போச்சு?"

"அது... உடம்பை எடுக்க முதல்ல கயிறு கட்டி இறங்கினது நான்தான் சார். அப்போ பட்டிருக்கும்."

"அடேங்கப்பா!" என்றாள் பட்டாசு. "கயித்துல தொங்கிக்கிட்டு இறங்கறவரு கொடியும் கையுமாவா இறங்கினீங்க? சுதந்திரம் வாங்கவா போனீங்க?"

சல்லடை அவளைப் பார்த்த பார்வையில் அவள் வாயை மூடிக்கொண்டாள். மெக்கானிக்கின் கை நின்றுவிட்டது. செயின் நழுவித் தரையில் விழுந்தது. அவன் அதை எடுக்கவில்லை.

"முதல் திருப்பம் தாண்டினதும் என் செயின் அறுந்துடுச்சு சார். மாத்துக் கண்ணி கைவசம் இல்லை. அவரு ஒருத்தர்தான் என்கூட கடைசியில வந்துக்கிட்டு இருந்தாரு. 'நீங்க கடைக்குப் போங்க, நான் வாலா வர்றேன்'னாரு. கொடியைக் கழட்டி அவரு சைக்கிள்ல கட்டி விட்டேன். ஒண்ணாம் நம்பர் வில்லையையும் கொடுத்தேன். கொடுத்திருக்கக் கூடாது சார். வழிகாட்டிகிட்ட சொல்லாம வாலை மாத்தவே கூடாது. அதுலயும் அவரு..."

"அவரு?"

"தன் கடைக்கே சுத்தி வளைச்சு வர்ற மனுஷன் சார். பெண்டாட்டிக்கு சைக்கிள்னா உயிருன்னு கூட வருவாரு, அவ்வளவுதான். திசையே தெரியாது. அவரைப் போய் வாலா அனுப்பினேன் பாருங்க." அவன் முகத்தைக் கையால் மூடிக்கொண்டான். விரல் கிரீஸ் எல்லாம் நெற்றியில் அப்பியது. "கீழே இறங்கிப் பார்த்தேன். கொடி அவரு சைக்கிள்ல முறிஞ்சு கிடந்துச்சு. எல்லாரும் என்னைத்தான் கேட்பாங்கன்னு பயந்துட்டேன். உருவி சட்டைக்குள்ள வெச்சுக்கிட்டேன். அப்புறம் அந்தப் பொண்ணே 'நான்தான் போயிட்டேன்'னு சொல்லவும், விட்டது சனின்னு நானும் ஆமாம் போட்டுட்டேன்."

ஆக இரண்டு பொய். ஒருவனுக்குப் பயம், ஒருத்திக்கு என்னவோ. இருவரும் பேசி வைத்துக்கொள்ளவே இல்லை, ஆனாலும் போலீஸ் கோப்பில் இரண்டும் தோளில் கை போட்டுக்கொண்டு நின்றுவிட்டன.

சந்திலிருந்து வெளியே வந்ததும் பட்டாசுக்குத் தாங்கவில்லை. "சார், செத்தவர்தான் வால்! அப்போ அந்தப் பொண்ணு சிவப்புக் கொடி வர்ற வரைக்கும் நின்னிருந்தா, அவளைக் கடைசியா பார்த்தவரே அவருதான். ஆள் இல்லாம வழி தவறினாருங்கிற கதையே அவுட்! ஆனா அவ நின்னாளா இல்லையான்னு எப்படித் தெரியும்?"

"வில்லை சொல்லும். போலீஸ் திருப்பிக் கொடுத்த பை டீச்சர் வீட்ல இருக்கு. அவங்க இன்னும் பிரிக்கலை."

சல்லடை சைக்கிளை டீச்சர் வீட்டுப் பக்கம் திருப்பினார். பாதி வழியில் நின்றார். எதையோ மனதுக்குள் கூட்டிக் கழித்த மாதிரி இருந்தது. அவர் முகம் கறுத்துப்போனதைப் பட்டாசு பார்த்தாள்.

"உள்ளே போனதும் நீ வாயைத் திறக்கக் கூடாது."

"ஒரு வார்த்தை கூட..."

"ஒரு வார்த்தை கூட. என்மேல சத்தியமா."

பன்னிரண்டு வருஷத்தில் அவர் சத்தியம் கேட்டது இதுதான் முதல் தடவை. பட்டாசு தலையை ஆட்டினாள்.

டீச்சர் வீடு மாடியில். ஒரே ஒரு கூடம், ஜன்னல் ஓரம் திருத்தாத பரீட்சைத்தாள் கட்டு, சுவரில் அவள் சைக்கிள் மாட்டியிருந்தது. பக்கத்து ஆணியில் ஒன்றும் இல்லை. செருப்பு விடும் இடத்தில் ஆண் செருப்பு ஒரு ஜோடி அப்படியே இருந்தது. கதவுக்குப் பின்னால் சீல் வைத்த பிளாஸ்டிக் பை தொங்கியது. அதை அவளால் பிரிக்கவும் முடியவில்லை, தூக்கி உள்ளே வைக்கவும் முடியவில்லை போலிருக்கிறது.

"நீங்களே பிரிங்க," என்று சொல்லிவிட்டுத் திரும்பி உட்கார்ந்துகொண்டாள் டீச்சர். பையைப் பிரிக்கும் சத்தத்துக்கே அவள் தோள் குறுகியது.

சல்லடை ஒவ்வொன்றாக மேஜையில் வைத்தார். உடைந்த கண்ணாடி. கைக்குட்டை. ஒரு ட்யூப். சட்டையின் பின் பைக்குள் கைவிட்டு அவர் எடுத்தது தகர வில்லைகள். ஒன்று. இன்னொன்று. மறுபடியும் கையை விட்டுத் துழாவினார். வேறு இல்லை.

"அம்மா, இதைக் கொஞ்சம் பாருங்க. உங்க வீட்டுக்காரர்தான் அன்னைக்குக் கடைசியா வந்த வால். மெக்கானிக்குக்கு செயின் அறுந்து, கொடியை இவர்கிட்ட கொடுத்திருக்கான். மூணாம் நம்பர் வில்லை இவர் பையில இருக்கு. உங்க தங்கச்சி கையால கொடுத்தாத்தான் இது இங்க வரும். அவ கடைசி வரைக்கும் அங்கேயேதான் நின்னிருக்கா. போனும் இல்லை, ஒண்ணும் இல்லை. அவ மேல ஒரு தப்பும் கிடையாது."

டீச்சர் திரும்பினாள். பதினொரு நாளில் முதல் தடவையாக அந்த முகம் இளகியது. "போகலையா? அவ போகலையா? அப்ப ஏன் போனேன்னு சொன்னா அந்தக் கழுதை?" அழுகையும் சிரிப்புமாக வந்தது குரல். "நான் வாசல்லயே நிக்க வெச்சு விரட்டினேனே! எல்லாரும் பார்க்கப் பார்க்க..."

"போய்க் கூட்டிட்டு வாங்க. எங்க வேலை முடிஞ்சுது," என்று சல்லடை அவசரமாக வில்லைகள் மேல் உள்ளங்கையை வைத்து மூடினார். "நாங்க கிளம்பறோம்."

இந்த மனிதர் இப்படிப் பாதியில் எழுந்து போகிறவரே இல்லையே என்று பட்டாசுக்குத் தோன்றியது. அவள் கண் அவர் கையின் கீழேயே இருந்தது. மூளை யோசிப்பதற்குள் வாய் முந்திக்கொண்டது. பாழாய்ப்போன வாய், அது என்றைக்குக் காத்திருந்தது?

"ஒண்ணு இருக்கு, மூணு இருக்கு. ரெண்டு எங்கே சார்?"

சொன்ன பிறகுதான் அவளுக்கே உறைத்தது. இரண்டாவது திருப்பத்தில் நின்றது யார் என்று. நாக்கைக் கடித்துக்கொண்டாள். கடித்து என்ன செய்ய? சல்லடை கண்ணை மூடிக்கொண்டார்.

டீச்சர் மெதுவாக எழுந்தாள். அலமாரியில் இருந்து தன் முதுகுப்பையை எடுத்து, பக்கவாட்டு ஜிப்பைத் திறந்து, வில்லையை எடுத்து மேஜை மேல் வைத்தாள். இரண்டு.

"வால் வர்ற வரைக்கும் நான் நிக்கலை," என்றாள். பாடம் படிக்கிற பிள்ளையின் குரல் மாதிரி ஏற்ற இறக்கம் இல்லாமல் வந்தது. "பதினொரு பேர் போனாங்க. இன்னும் அவரும் மெக்கானிக்கும்தான் பாக்கி. அன்னைக்குக் காலையில எங்களுக்குள்ள சண்டை. என்ன சண்டைன்னு கூட இப்ப ஞாபகம் இல்லை. ஏதோ ஜன்னல் சாத்தலைன்னு. எனக்குக் கோவம். போனை அணைச்சுட்டு ரோட்டுப் பக்கம் இறங்கிட்டேன். மெக்கானிக்குத்தான் வழி தெரியுமே, எப்படியும் கூட்டிட்டுப் போயிடுவான்னு நினைச்சேன். இவரு கொஞ்சம் தேடட்டும்னு... என்னைக் காணோம்னு கொஞ்ச நேரம் தேடட்டும்னுதான் சார் போனேன்."

பட்டாசுக்கு ஓடிப்போய் அந்த அம்மாளைக் கட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது.

டீச்சர் போனை எடுத்தாள். பதினொரு நாளாக அழைக்காத எண்ணை அழைத்தாள். மேஜையில் வைத்து ஸ்பீக்கரைத் தட்டினாள். முதல் மணியிலேயே எடுக்கப்பட்டது.

"அக்கா! அக்கா, நீயா?"

"அவரு மூணாவது திருப்பத்துக்கு வந்தாரு இல்லே?"

டீச்சர் மூன்றாம் நம்பர் வில்லையைப் போன் பக்கம் நகர்த்தினாள்.

"வில்லை என் முன்னாடி இருக்குடீ. பொய் சொல்லாதே. உன்கிட்ட என்ன கேட்டாரு?"

"வேண்டாம்க்கா. நான்தான் போயிட்டேன்னு வெச்சுக்கோயேன். எனக்கு ஒண்ணும் இல்லைக்கா, நான் தாங்கிக்குவேன்."

"என்ன கேட்டாரு?"

"'உங்கக்கா வந்தாளா'ன்னு கேட்டாரு." தங்கை அழ ஆரம்பித்தாள். "வரலை அத்தான்னேன். திருப்பத்துல நீ இல்லைன்னும், தரையில டயர் தடம் பார்த்தே வந்தேன்னும் சொன்னாரு. ரெண்டாவது திருப்பத்துல இடது பக்கம் இறங்கினா குவாரி அடியிலதான் போய் முடியும், அங்க மாட்டிக்கிட்டிருப்பா, மேலேயிருந்து கூப்பிட்டுப் பார்க்கறேன்னாரு. நானும் வர்றேன்னேன். வேண்டாம், சண்டை போட்டது ஊருக்கெல்லாம் தெரிய வேண்டாம், நீ போ, நான் சமாதானம் பண்ணிக் கூட்டிட்டு வந்துடறேன்னாரு. மழை பெஞ்ச மண்ணுக்கா. ஓரம் சரிஞ்சுடும்னு நான் சொல்லியிருக்கணும். சொல்லலை. தண்ணியாவது குடிச்சுட்டுப் போங்கன்னேன். 'அவகிட்ட தண்ணி இருக்கோ என்னவோ'ன்னு பாட்டிலை வாங்கி இடுப்புல சொருகிக்கிட்டுப் போனாரு."

டீச்சர் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா? அக்கா, இருக்கியா? ஏதாவது பேசுக்கா."

"வாடீ," என்றாள் டீச்சர். "இப்பவே கிளம்பி வா. என்னைத் தனியா விடாதே."